கணக்கெடுக்கக் கிளம்பும் முன்: திருநெல்வேலி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடைசி ஆண்டு புராஜெக்ட் என்றதும் நம் பக்கத்து மாணவர்கள் பலர் கையில் எடுப்பது சர்வேயைத்தான். முக்கூடலில் பீடி சுற்றும் பெண்கள், பத்தமடையில் பாய் நெய்பவர்கள், களக்காட்டு வாழை விவசாயிகள், வண்ணார்பேட்டைக் கடைகளுக்கு வரும் வாடிக்கையாளர்கள் என்று தலைப்புக்குப் பஞ்சமே இல்லை. பொருளியல், வணிகவியல், சமூகப்பணி என எந்தத் துறை மாணவராக இருந்தாலும் கடைசியில் ஒரு கட்டு வினாத்தாளோடு தெருவில் இறங்கத்தான் வேண்டியிருக்கிறது. இறங்குவதற்கு முன்னும் பின்னும் அவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும். எத்தனை பேரைக் கேட்டீர்கள் என்பதைவிட, அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், எப்படிக் கேட்டீர்கள் என்பதே ஒரு சர்வேயின் தரத்தை முடிவு செய்கிறது என்று நினைப்பவன் நான்.

எனக்குக் கணக்கு வராது. புள்ளியியல் படிக்க முடியுமா?

முடியும். ஒரு மாணவர் சர்வேக்குத் தேவைப்படுவது சதவீதம், வர்க்கமூலம், கொஞ்சம் இயற்கணிதம். அதற்கு மேல் வேண்டியது பொறுமை. படிக்க வேண்டிய வரிசை இது: கூட்டுச் சராசரி, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்), திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு), நிகழ்தகவு, மாதிரியெடுப்பு (எல்லாரையும் கேட்காமல் சிலரைத் தேர்ந்தெடுத்துக் கேட்பது), அப்புறம்தான் கருதுகோள் சோதனை (ஓர் ஊகம் தரவோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது). இந்த வரிசையை மாற்றி, முதல் நாளே கை-வர்க்கச் சோதனையில் (இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் chi-square test) போய் நிற்பவர்களுக்குத்தான் எல்லாம் மந்திரம் மாதிரித் தெரிகிறது. தமிழ்நாடு அரசின் +1, +2 புள்ளியியல் பாடநூல்கள் தமிழிலேயே இருக்கின்றன. கல்லூரி மாணவர்களும் கூச்சப்படாமல் அங்கிருந்து தொடங்கலாம்.

ஒரே ஒரு பயிற்சி செய்யுங்கள். உங்கள் தெருவில் 200 பேரின் வயதைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். பத்துப் பத்தாக எடுத்துச் சராசரி பாருங்கள். ஒவ்வொரு முறை எடுத்ததும் சீட்டுகளைத் திரும்பப் போட்டுவிடுங்கள். முப்பது தடவை செய்தால் முப்பது சராசரிகள் கிடைக்கும். அவை எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று கோடு போட்டுப் பாருங்கள். அடுத்து நாற்பது நாற்பதாக எடுத்துச் செய்யுங்கள். சிதறல் ஏறக்குறைய பாதியாகக் குறையும். மாதிரியை நான்கு மடங்காக்கினால் பிழை பாதியாகும் என்ற விதியை இப்படிக் கையால் கண்டவர்கள் பிறகு மறப்பதே இல்லை.

எத்தனை பேரிடம் சர்வே எடுக்க வேண்டும்? எல்லாரும் 384 என்கிறார்களே?

384 ஒரு சூத்திரத்தின் விடை. 95 சதவீத நம்பிக்கை அளவு, கூட்டிக் குறைத்து 5 சதவீதப் பிழை, விடை பாதிக்குப் பாதி இருக்கலாம் என்ற அனுமானம் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டால் 1.96-இன் வர்க்கத்தை 0.25-ஆல் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 384.16 வரும். 1970-இல் கிரெஜ்சி, மோர்கன் என்ற இருவர் வெளியிட்ட அட்டவணையில் பெரிய தொகுதிகளுக்கு (தொகுதி என்றால் நாம் ஆராயும் மொத்தக் கூட்டம்) இருக்கும் எண்ணும் இதுதான். மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் யமானே சூத்திரம் (தொகுதியின் எண்ணிக்கையையும் பிழையையும் மட்டும் வைத்து மாதிரி அளவைச் சொல்வது) இதையே எளிமையாக்கி 400 என்கிறது.

மாணவர்களை ஆச்சரியப்படுத்தும் விஷயம் ஒன்று உண்டு. 600 வீடுகள் உள்ள ஓர் ஊருக்கு யமானே சூத்திரப்படி 240 வீடுகள் வேண்டும். முப்பது லட்சம் பேர் உள்ள ஒரு மாவட்டத்துக்கோ 400 பேர் போதும். ஊர் பெருத்தால் மாதிரியும் அதே அளவுக்குப் பெருக்க வேண்டும் என்று தோன்றும். கணக்கு அப்படிப் போகாது. தொகுதி ஓரளவுக்கு மேல் பெரிதாகிவிட்டால், துல்லியம் மாதிரியின் எண்ணிக்கையைத்தான் பார்க்கும். மனக்கணக்குக்கு ஒரு வழி: 1 என்ற எண்ணை, மாதிரியில் உள்ளவர்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஏறக்குறையப் பிழை வரும். 100 பேர் என்றால் 10 சதவீதம், 400 பேர் என்றால் 5 சதவீதம், 1,600 பேர் என்றால் 2.5 சதவீதம்.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் சமவாய்ப்பில் தேர்ந்தெடுத்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். வ.உ.சி. மைதானத்து நடைபாதையில் எதிரே வந்த 400 பேரைக் கேட்டுவிட்டு 'யமானே சூத்திரப்படி' என்று அறிக்கையில் எழுதுவதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. பல அறிக்கைகளில் இதைப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் வருத்தமாக இருக்கிறது. சூத்திரத்தைச் சரியாகப் போட்டிருப்பார்கள், அதற்கு அடியில் இருக்க வேண்டிய தேர்வுமுறையே இருக்காது.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த 400 பேரில் மேலப்பாளையத்தைச் சேர்ந்தவர்கள் 50 பேர்தான் என்றால், மேலப்பாளையத்தைப் பற்றித் தனியாகச் சொல்லும்போது உங்கள் பிழை 14 சதவீதம். எந்தெந்தப் பிரிவுகளை ஒப்பிடப் போகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்து, ஒவ்வொரு பிரிவிலும் போதுமான ஆள் இருக்கும்படி திட்டமிடுங்கள்.

சமவாய்ப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்த வீட்டில் நுழைவதா?

இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தேர்வாகும் வாய்ப்பு எவ்வளவு என்று முன்கூட்டியே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைக்கு வந்தபடி நுழைந்தால் கால் தானாகவே நிழல் உள்ள தெருவுக்கும், திண்ணை உள்ள வீட்டுக்கும், சிரித்த முகம் தெரிகிற வாசலுக்கும்தான் போகும்.

நெல் வியாபாரிகள் மூட்டையின் வாய்ப்பக்கம் அள்ளிப் பார்த்து விலை பேச மாட்டார்கள். குத்தூசியை மூட்டையில் பல இடங்களில் குத்தி எடுத்துத்தான் பார்ப்பார்கள். நீங்களும் ஊரின் எல்லாப் பக்கமும் குத்தி எடுக்க வேண்டும். நம் ஊர்களின் அமைப்பு உங்களுக்கே தெரியும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து கோயில், கடைத்தெரு, பெரிய வீடுகள் வரை ஒரு பக்கம். காலனி ஊருக்கு வெளியே வேறொரு பக்கம். மெயின் ரோட்டிலேயே நடந்து முப்பது படிவங்களை நிரப்பினால் காலனி மொத்தமாக விட்டுப்போகும். அங்கே குடிதண்ணீர் எப்படி வருகிறது என்பது உங்கள் அறிக்கையில் இருக்கவே இருக்காது, ஆனாலும் 'இக்கிராம மக்கள்' என்றுதான் எழுதுவீர்கள். இது கணக்குப் பிழையோடு நிற்கிற விஷயம் இல்லை, அந்த மக்களுக்குச் செய்கிற அநியாயமும்கூட. தெருக்களையும் காலனியையும் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வீடுகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி எடுங்கள். இதற்குத்தான் அடுக்கு மாதிரி என்று பெயர். 1934-இல் நெய்மன் என்ற புள்ளியியலாளர் இதன் கணக்கை ஒழுங்காக எழுதிக்காட்டினார்.

வீடுகளின் பட்டியல் எங்கே கிடைக்கும்?

வாக்காளர் பட்டியல் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அதில் 18 வயது நிறைந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள், திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்கள் பெயரும் இருக்கும், புதிதாகக் குடிவந்தவர்கள் இருக்க மாட்டார்கள். குறைகளை அறிக்கையில் எழுதிவிட்டுப் பயன்படுத்தலாம்.

சின்ன ஊர் என்றால் நீங்களே பட்டியல் போடுவதுதான் நல்லது. நான்கு பேர் ஒரு நாள் நடந்தால் முடிந்துவிடும். கையால் ஒரு வரைபடம் போட்டு, ஒவ்வொரு கதவுக்கும் எண் கொடுங்கள். வளவு வீடுகளில் கவனமாக இருங்கள். ஒரே கதவிலக்கம், உள்ளே போனால் ஐந்தாறு குடும்பங்கள் இருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பொதுவான அடுப்பில் பொங்கிச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம் என்று வைக்கிறார்கள். அதையே வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரும் மருமகளும் ஒரே கூரைக்குக் கீழே தனித்தனியாகப் பொங்கினால் அது இரண்டு குடும்பம்.

பட்டியல் முடிந்ததும் சமவாய்ப்பு எண் அட்டவணையிலிருந்து எடுக்கலாம், அல்லது முறைசார் மாதிரியாக, உதாரணத்துக்கு ஒவ்வொரு ஆறாவது வீடு என்று போகலாம். தொடக்க எண்ணை மட்டும் குலுக்கல் முறையில் எடுங்கள். வரிசை வீடுகளில் ஆறு வீட்டுக்கு ஒரு மூலை வீடு வருகிறது என்றால், உங்கள் ஆறாவது வீடு எப்போதும் மூலை வீடாகவே அமைந்துவிடும் அபாயம் உண்டு. அப்போது இடைவெளியை மாற்றுங்கள்.

எந்த இடத்தில் போய் நிற்கிறீர்கள் என்பதும் பட்டியலின் பகுதிதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அந்தப் பாதிப்பைப் பற்றிப் படிக்க விரும்புகிற மாணவர்கள் உண்டு. முகாமில் தங்கியவர்களை மட்டும் தேடிப் பிடித்துக் கேட்டால், சொந்தக்காரர் வீட்டு மாடிக்குப் போனவர்களும் தண்ணீர் வடியும் வரை வீட்டை விட்டு நகராதவர்களும் விடுபடுவார்கள். தண்ணீர் புகுந்த தெருக்களைப் பட்டியல் போட்டு, அதிலிருந்துதான் வீடுகளை எடுக்க வேண்டும்.

கூகுள் ஃபார்ம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரே நாளில் 500 பேர் வருகிறார்களே?

வருவார்கள். யார் வருகிறார்கள்? உங்கள் வகுப்பு, உங்கள் அக்காவின் வகுப்பு, குடும்பக் குழுவில் இருக்கும் சித்தப்பா பெரியப்பாக்கள்.

1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி அட்டைகளை அனுப்பியது. சுமார் 24 லட்சம் பதில்கள் வந்தன. எதிர்க்கட்சி வேட்பாளர் லேண்டன் ஜெயிப்பார் என்று கணித்தது. ஜெயித்தது அப்போது அதிபராக இருந்த ரூஸ்வெல்ட், அதுவும் 60 சதவீதத்துக்கு மேல் வாக்குகளோடு. முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியல், கார் வைத்திருப்போர் பட்டியல் போன்றவற்றிலிருந்து எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தம் நிலவிய அந்தக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல்கள். அட்டையைத் திருப்பி அனுப்பச் சிரமம் எடுத்துக்கொண்டவர்களும் ஆட்சி மாற்றத்தை விரும்பியவர்களாகவே அதிகம் இருந்தார்கள். மிகச் சிறிய மாதிரியோடு காலப் என்ற கருத்துக்கணிப்பாளர் சரியாகச் சொன்னார். 24 லட்சத்தால் சரிசெய்ய முடியாததை உங்கள் 500 பேர் சரிசெய்ய மாட்டார்கள்.

கல்லூரி மாணவர்களின் கைபேசிப் பழக்கம் போன்ற தலைப்பு என்றால், ஒரு துறையின் முழுப் பெயர்ப் பட்டியலை வாங்கி, அதில் குலுக்கித் தேர்ந்தவர்களுக்கு மட்டும் படிவத்தை அனுப்பி, பதில் தராதவர்களைத் திரும்பத் திரும்ப நினைவூட்டலாம். அப்படிச் செய்தால் கூகுள் ஃபார்ம் நல்ல கருவி.

மாவட்டம் முழுக்கப் பல ஊர்களுக்குப் போகப் போகிறோம். எப்படிப் பிரிப்பது?

முதலில் ஊர்களைத் தேர்ந்தெடுத்து, பிறகு ஒவ்வோர் ஊரிலும் வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். பெரிய சர்வேக்களும் இதைத்தான் செய்கின்றன. பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனைப் பார்க்கும் ஏசர் சர்வேயில் ஒரு மாவட்டத்துக்கு 30 கிராமங்கள், ஒரு கிராமத்துக்கு 20 வீடுகள். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு நாடெங்கும் ஆறு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகமான குடும்பங்களைச் சந்தித்தது. அதிலும் கொத்துகளை (ஓர் ஊர் அல்லது நகரப் பகுதி ஒரு கொத்து) முதலில் தேர்ந்தெடுத்து, ஒரு கொத்துக்கு 22 வீடு என்றுதான் போனார்கள்.

ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பார்கள். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஊரில் இருபது வீடு என்றால் இருபதும் கால்வாய்ப் பாசனம். ராதாபுரம் பக்கம் என்றால் இருபதும் மழையை நம்பியவை. இருபதாவது வீடு புதிதாகச் சொல்வது குறைவு. இந்த ஒப்புமையின் அளவு 0.05 என்று வைத்துக்கொண்டால், வடிவமைப்பு விளைவு (ஊர் ஊராக எடுப்பதால் துல்லியம் எத்தனை மடங்கு அடிபடுகிறது என்ற அளவு) 1 + 19 × 0.05 = 1.95. அதாவது 400 வீடுகளைப் பார்த்தும் 205 வீடுகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துப் பார்த்த அளவுக்கே துல்லியம் கிடைக்கும். ஆகவே நான்கு ஊரில் நூறு நூறாக எடுப்பதைவிட நாற்பது ஊரில் பத்துப் பத்தாக எடுப்பது எவ்வளவோ மேல். பஸ் செலவு இடம் கொடுக்காது, தெரியும். இருபது ஊரில் இருபது வீடாவது முயன்று பாருங்கள்.

மாவட்டப் புள்ளிவிவரம் வேண்டும். 2011 கணக்கெடுப்பை அப்படியே போடலாமா?

போடலாம், எல்லையைப் பார்த்துப் போடுங்கள். 2011-இல் திருநெல்வேலி மாவட்டத்தின் மக்கள்தொகை 30,77,233. ஆயிரம் ஆண்களுக்கு 1,023 பெண்கள். அந்த மாவட்டத்தில் தென்காசி, செங்கோட்டை, சங்கரன்கோவில், ஆலங்குளம், சிவகிரி, வீரகேரளம்புதூர் எல்லாம் அடக்கம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. இன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக்கு அந்த முப்பது லட்சத்தை எழுதுவது தவறு. தாலுகாவாரியாக எடுத்துக் கூட்ட வேண்டும். மானூர், சேரன்மகாதேவி, திசையன்விளை தாலுகாக்களை 2011 அட்டவணையில் தேடாதீர்கள், அவை பிறகு உருவானவை. இன்னும் பின்னால் போய் 1981 எண்ணோடு ஒப்பிடுகிறவர்கள், 1986-இல் தூத்துக்குடி பிரிந்ததையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். மக்கள்தொகை திடீரென்று சரிந்தது போல ஒரு வரைபடம் போட்டுவிட்டு, அதற்கு இடப்பெயர்வு என்று காரணமும் எழுதிவிடுவது எளிது.

வினாத்தாளை ஆங்கிலத்தில் தயாரித்து, வீட்டில் தமிழில் கேட்டுக்கொள்ளலாமா?

கூடாது. ஐந்து பேர் குழுவாகப் போகிறீர்கள், ஐந்து பேரும் வாசலில் நின்று ஐந்து விதமாக மொழிபெயர்ப்பீர்கள். பிறகு வரும் வித்தியாசம் மக்களிடமிருந்து வந்ததா, உங்களிடமிருந்து வந்ததா என்று பிரிக்க முடியாது. கேட்கப்போகிற வாக்கியத்தையே, வாயால் சொல்லும் விதமாகவே அச்சடித்துக்கொண்டு போங்கள். 'தங்களது மாதாந்திர வருவாய் யாது' என்று எழுதிக்கொண்டு போனால் எந்த ஆச்சியும் பதில் சொல்ல மாட்டார். பல்கலைக்கழகத்துக்கு ஆங்கிலப் பிரதி தேவை என்றால் தமிழை முதலில் எழுதி, அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். வினாத்தாளைப் பார்க்காத ஒரு நண்பரிடம் அந்த ஆங்கிலத்தைக் கொடுத்துத் திரும்பத் தமிழாக்கச் சொல்லுங்கள். இரண்டு தமிழும் எங்கே பிரிகிறதோ அங்கே கேள்வி தெளிவாக இல்லை.

நல்ல கேள்வி எப்படி இருக்கும்?

அவர்கள் வாழ்க்கையை அவர்கள் எப்படிக் கணக்கு வைக்கிறார்களோ அப்படி இருக்கும். பீடி சுற்றும் பெண்களுக்கு மாத வருமானம் என்ற ஒன்று கையில் இல்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு, வாரக் கூலி. ஆகவே கேள்வியை உடையுங்கள். 'போன வாரம் எத்தன ஆயிரம் சுத்துனிய? ஆயிரத்துக்கு எவ்வளவு குடுத்தாங்க? சரியில்லன்னு எதுவும் கழிச்சாங்களா? குடுத்த இல பத்தாம வெளியில காசு குடுத்து வாங்குனியளா?' நான்கு கேள்விக்கும் பட்பட்டென்று பதில் வரும். வருமானத்தை நீங்கள் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கடைசிக் கேள்வி இல்லாவிட்டால் அவர்கள் கையில் நிற்கும் பணத்தைக் கூடுதலாகக் காட்டிவிடுவீர்கள்.

நிலமும் அப்படித்தான். வயதான விவசாயி மரக்கால் விதைப்பாடு, கோட்டை விதைப்பாடு என்று சொல்வார். அவர் சொல்லும் அளவிலேயே குறித்துக்கொண்டு, அந்த ஊரில் அது எத்தனை சென்ட் என்று இரண்டு மூன்று பேரிடம் கேட்டு மாற்றுங்கள். பருவத்தையும் ஜூன், அக்டோபர் என்று கேட்காமல் கார், பிசானம் என்று கேளுங்கள்.

காலத்தைக் கேட்பதில்தான் பெரிய சறுக்கல். 'கடந்த ஓராண்டில் மருத்துவச் செலவு எவ்வளவு' என்றால் யாருக்கும் நினைவு இருக்காது, வாய்க்கு வந்த ஒரு முழு எண்ணைச் சொல்வார்கள். ஆறு மாதம் முன்னால் நடந்த ஆஸ்பத்திரிச் செலவு போன மாதம் நடந்தது போலவும் நினைவில் நகர்ந்து வரும். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'அம்மன் கோயில் கொடை முடிஞ்சதுக்கு அப்புறம் யாருக்காவது உடம்புக்கு முடியாம போச்சா?' என்று கேட்டால் கோடு தெளிவாக இருக்கும். வயதுக்கும் இதே வழி. பெரியவர்கள் 60, 65, 70 என்றுதான் சொல்வார்கள். உங்கள் வயது அட்டவணையில் பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் எண்கள் குவிந்திருந்தால் அது அந்த ஊரின் இயல்பு இல்லை, நினைவின் இயல்பு. 1992 வெள்ளத்தின்போது மூத்த பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டால் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரலாம்.

'ரேஷன் கடையில் அரிசியும் சர்க்கரையும் தரமாகவும் சரியான நேரத்திலும் கிடைக்கிறதா?' என்ற கேள்வியில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. அரிசி நன்றாக இருந்து, சர்க்கரை தாமதமாக வந்தால் அந்த அம்மா என்ன சொல்வார்? 'ஆமா' என்றுதான் சொல்வார், ஏனென்றால் படித்த பிள்ளைகள் வந்து நிற்கிறீர்கள், மறுத்துப் பேச வேண்டாம் என்று நினைப்பார். இந்த ஆமோதிக்கும் பழக்கம் நம் பக்கம் மரியாதையோடு பின்னியது. அதனால்தான் 'ஒத்துக்கொள்கிறேன், மிகவும் ஒத்துக்கொள்கிறேன்' என்ற ஐந்து படி அளவுகோலை வயதானவர்களிடம் நான் பரிந்துரைப்பதில்லை. லிக்கர்ட் 1932-இல் கொடுத்த அந்த முறை படித்த இளைஞர்களிடம் நன்றாகவே வேலை செய்கிறது. ஆச்சியிடம் 'போன தடவ வாங்குன அரிசிய சோறு பொங்குனியளா, ஆட்டுக்கு வச்சியளா?' என்று நடந்ததைக் கேட்டுவிட்டால் தரம் தெரிந்துவிடும்.

வினாத்தாளை இறுதி செய்யும் முன் பத்துப் பதினைந்து பேரிடம் சோதித்துப் பாருங்கள். எந்தக் கேள்வியில் 'என்ன கேக்கிய?' என்று திருப்பிக் கேட்கிறார்களோ அதைத் திருத்துங்கள்.

குடிப்பழக்கம், கடன், அடி உதை மாதிரி விஷயங்களை நேரடியாகக் கேட்க முடியவில்லையே?

அடி உதை போன்ற வன்முறையைத் தக்க பயிற்சி இல்லாமல் தொடவே தொடாதீர்கள். நீங்கள் கேட்டுவிட்டு வந்த பிறகு அந்தப் பெண்ணுக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

மற்றவற்றுக்கு அழகான வழி ஒன்று இருக்கிறது. 1965-இல் வார்னர் என்ற புள்ளியியலாளர் தொடங்கிவைத்த யோசனை, அதன் எளிய வடிவம் இது. பதில் சொல்பவர் உங்களுக்குக் காட்டாமல் ஒரு காசைச் சுண்டுவார். தலை விழுந்தால் உண்மை எதுவாக இருந்தாலும் 'ஆமாம்' என்பார். பூ விழுந்தால் உண்மையைச் சொல்வார். ஆகவே யார் 'ஆமாம்' என்றாலும் அது காசு சொன்னதா, அவர் சொன்னதா என்று உங்களுக்குத் தெரியாது. நூறு பேரில் 65 பேர் 'ஆமாம்' என்றால், ஏறக்குறைய 50 பேர் தலை விழுந்தவர்கள். மீதி 50 பேரில் 15 பேர் உண்மையாகவே ஆமாம். அதாவது 30 சதவீதம். தனி ஆளின் ரகசியம் அவரிடமே இருக்கிறது, ஊரின் கணக்கு உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. இந்த முறையில் துல்லியம் குறையும், ஆகவே மாதிரியைப் பெரிதாக்க வேண்டும். முதலில் சாதாரணக் கேள்வி ஒன்றில் பழக்கிவிட்டுக் கேளுங்கள்.

பகலில் போனால் பாதி வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டில் கேட்டுவிடலாமா?

வேண்டாம். பூட்டிய வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போனவர்கள். பக்கத்து வீட்டில் இருப்பவர் வீட்டில் இருப்பவர். மாற்றி மாற்றிப் போட்டால் உங்கள் ஊரில் வேலைக்குப் போகிறவர்களே குறைந்துவிடுவார்கள். வாழைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் விடியலில் கிளம்பிவிடுவார்கள், அவர்களைச் சாயங்காலம் பிடிக்கலாம். வெவ்வேறு நேரத்தில் மூன்று தடவையாவது போங்கள். அப்புறமும் கிடைக்கவில்லை என்றால் 'கிடைக்கவில்லை' என்று குறித்துக்கொண்டு, எத்தனை வீடு அப்படி ஆனது என்று அறிக்கையில் எழுதுங்கள்.

நேரம் இல்லை. மீதிப் படிவங்களை நாங்களே நிரப்பினால் யாருக்குத் தெரியும்?

இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் மார்ச் மாதத்தில் விடுதி அறைகளில் இது நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

கண்டுபிடிக்க முடியும். மனிதர்கள் கற்பனையில் எழுதும் எண்கள் ஒழுங்காக இருக்கும். மூன்று பிள்ளைகள், ஏழு பேர், தனியாக வாழும் கிழவி என்ற கோணல்மாணல்கள் குறைந்து, எல்லாக் குடும்பமும் நான்கு பேராகிவிடும். 'தெரியாது' என்ற பதிலே வராது. ஒரு மாணவரின் இருபது படிவங்களில் ஒரே வரிசையில் பதில்கள் திரும்பும். கைபேசிச் செயலியில் எடுத்தால் நேர முத்திரையே காட்டிக்கொடுத்துவிடும்.

பிடிபடுவது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இல்லாத ஒரு பெண்ணின் கூலியை எழுதும்போது, இருக்கிற ஒரு பெண்ணின் கூலியை அழிக்கிறீர்கள். நாற்பது படிவம்தான் உண்மையாகக் கிடைத்தது என்றால் நாற்பது என்றே எழுதுங்கள். நாற்பதுக்கான பிழையையும் சேர்த்து எழுதுங்கள். அப்படி ஓர் அறிக்கை என் கைக்கு வந்தால் மனமாரப் பாராட்டுவேன்.

சராசரி போதுமா?

வருமானத்துக்குப் போதாது. ஐந்து குடும்பங்களின் மாத வருமானம் 8,000, 9,000, 9,500, 10,000, 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 31,300. அந்த ஐந்தில் ஒரு குடும்பம்கூட அதன் பக்கத்தில் இல்லை. இடைநிலை 9,500, ஊரின் நிலை அதில்தான் தெரிகிறது. இரண்டையும் கொடுங்கள்.

பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் நிரூபணமா?

இல்லை. இரண்டு பிரிவுகளுக்கும் உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், நமக்குக் கிடைத்த அளவு வித்தியாசமோ அதற்கும் மேலோ தற்செயலாக வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அது சொல்கிறது. உங்கள் கருதுகோள் 95 சதவீதம் உண்மை என்று சொல்லவில்லை.

நம் புராஜெக்ட்களில் ஒரு சடங்கு உண்டு. வயதுக்கும் திருப்திக்கும், கல்விக்கும் திருப்திக்கும், மதத்துக்கும் திருப்திக்கும் என்று இருபது அட்டவணை போட்டு இருபதுக்கும் கை-வர்க்கம் பார்ப்பது. எதிலுமே தொடர்பு இல்லாவிட்டாலும் இருபதில் ஒன்று சராசரியாகத் தேறிவிடும். அந்த ஒன்றைப் பிடித்து ஒரு பத்தி எழுதுவார்கள். சோதிக்கப்போகும் மூன்று நான்கு கருதுகோள்களைக் களத்துக்குப் போகும் முன்பே எழுதிவைத்துவிடுங்கள். அட்டவணைக் கட்டங்களில் எதிர்பார்ப்பு எண்ணிக்கை (தொடர்பே இல்லை என்றால் அந்தக் கட்டத்தில் வர வேண்டியது) ஐந்துக்குக் கீழே போனால் பிரிவுகளைச் சேர்த்துவிடுங்கள்.

ஒட்டுறவிலும் (இரண்டு எண்கள் சேர்ந்தே ஏறி இறங்குவது) அவசரப்படாதீர்கள். குற்றாலத்தில் கூட்டம் கூடும் மாதங்களில்தான் ராதாபுரம், வள்ளியூர் பக்கத்துக் காற்றாலைகளும் நிறைய மின்சாரம் தருகின்றன. இரண்டுக்கும் கணக்குப் போட்டால் ஒட்டுறவு பலமாக வரும். குளிக்க வந்தவர்கள் காற்றாடியைச் சுற்றவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கே சாரலாகவும் இங்கே மின்சாரமாகவும் ஆகிறது. உங்கள் இரண்டு மாறிகளுக்குப் பின்னால் இப்படி ஒரு காற்று வீசுகிறதா என்று தேடுங்கள்.

எந்த மென்பொருள்?

நூறு படிவம் என்றால் எக்செல் போதும். மேலே போக வேண்டுமானால் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். அது இலவசம், வேலைக்குப் போன இடத்திலும் உதவும். எஸ்பிஎஸ்எஸ் பழகியவர்களுக்குப் பிஎஸ்பிபி, ஜமோவி இரண்டும் இலவச மாற்று. களத்தில் கைபேசியில் நிரப்பக் கோபோ டூல்பாக்ஸ் நன்றாக இருக்கும், சிக்னல் இல்லாத மலையடிவார ஊர்களிலும் சேமித்துவைத்துக்கொண்டு பிறகு அனுப்பும்.

உண்மையான மாதிரியெடுப்பை நேரில் எங்கே பார்க்கலாம்?

பிசான அறுவடைக் காலத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனையைப் பாருங்கள். பொருளியல், புள்ளியியல் துறை, வேளாண்மைத் துறை ஊழியர்கள் செய்வார்கள், மரியாதையாக அனுமதி கேட்டால் அநேகமாகக் கூட்டிப்போவார்கள். நெல்லுக்கு ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் துண்டு. எந்த வயல் என்பதையும் சமவாய்ப்பு எண்தான் சொல்கிறது, வயலுக்குள் எந்த இடம் என்பதையும் அதுதான் சொல்கிறது. ஒரு மூலையில் நின்று நீளத்தில் இத்தனை அடிவைப்பு, அகலத்தில் இத்தனை என்று எண்ணி நடந்து, நின்ற இடத்தில் முளை அடித்துக் கயிறு கட்டுவார்கள். கதிர் செழித்த இடத்துக்குக் கண் போகும், கால் போகக் கூடாது. இந்தியப் புள்ளியியலாளர்களான மகாலனோபிஸ், சுகாத்மே இருவரும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த முறைகளுக்காக நிறைய உழைத்தார்கள். விளைச்சல் புள்ளிவிவரமும் பயிர்க் காப்பீட்டுத் தொகையும் அந்த ஐந்து மீட்டர் சதுரத்தை நம்பியிருக்கின்றன.

ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் போகலாம். மணிமுத்தாறில் உள்ள, ஏட்ரீ (ATREE) என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மையம் ஒருங்கிணைக்கிறது, மாணவர்களும் தன்னார்வலராகச் சேரலாம். எண்ணும்போதே பறந்து இடம் மாறுகிற ஒன்றை இரண்டு தடவை எண்ணாமல் எப்படி எண்ணுவது என்பதை அங்கே குளக்கரையில் நின்று கற்றுக்கொள்ளலாம்.

பெயர், போன் நம்பர், ஆதார் எல்லாம் வாங்கிக்கொள்ளலாமா?

ஆதார் எண் ஒருபோதும் வேண்டாம். பெயரும் எண்ணும் மறுபடி சந்திக்கத் தேவைப்பட்டால் மட்டும், பதில்களிலிருந்து தனித் தாளில் வையுங்கள். யார், எந்தக் கல்லூரி, எதற்காகக் கேட்கிறீர்கள், விருப்பமில்லை என்றால் எந்தக் கேள்வியையும் விட்டுவிடலாம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். நிவாரணமோ கடனோ வாங்கித் தருவதற்காக வந்தவர்கள் என்று நினைக்க விடாதீர்கள். கமிஷன் கடைக்காரர் காதில் விழும் தூரத்தில் கூலியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

இதைப் படித்தால் என்ன வேலை?

மத்திய அரசில் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை யுபிஎஸ்சி நடத்துகிறது. பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தால் எழுதலாம். மாநிலத்தில் டிஎன்பிஎஸ்சி வழியாக உதவிப் புள்ளியியல் ஆய்வாளர் பணி உண்டு. மேற்படிப்புக்கு அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலேயே புள்ளியியல் துறை இருக்கிறது. 1931-இல் மகாலனோபிஸ் கொல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குச் சென்னையிலும் மையம் உண்டு, சேர்க்கை நுழைவுத் தேர்வு மூலம். 2027 மார்ச் 1-ஐக் குறிப்புத் தேதியாக வைத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் அட்டவணைகள் வெளியாகும்போது, தாலுகா எல்லைகளைப் பார்த்து எண்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் தெரிந்தவர்கள் நம் மாவட்டத்துக்கு நிறையவே தேவைப்படுவார்கள்.